முதல் டெலஸ்கோப்புக்குப் பிறகு வாங்க வேண்டிய புத்தகங்கள்

6 அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பும் எளிய பீடத்தில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப்) வாங்கி மூன்று மாதம் ஆகிறது, நிலா, வியாழன், சனி மூன்றையும் பார்த்தாயிற்று, வீட்டில் பழைய கேனான் 600டி கேமரா ஒன்றும் இருக்கிறது, வானியலுக்கும் வான் புகைப்படத்துக்கும் சிறந்த பத்துப் புத்தகங்களைச் சொல்லுங்கள் என்று தென்காசிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “சனியைப் பார்த்த பிறகு இதை எந்தப் பக்கம் திருப்புவதென்றே தெரியவில்லை.” எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. பத்துப் புத்தகம் வாங்கினாலும் அதற்குப் பதில் கிடைக்காமல் போகலாம். சரியான இரண்டு கையில் இருந்தால் இன்றிரவே கிடைத்துவிடும். அதனால் பட்டியலை விட்டுவிட்டு, எதை முதலில் வாங்குவது, எதற்கு ஒரு வருடம் காத்திருப்பது, எதற்குக் காசு செலவழிக்கவே வேண்டாம் என்று என் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். 19 வருடமாக ஒரு 8 அங்குல டெலஸ்கோப்போடு மொட்டைமாடியிலும் பள்ளி மைதானத்திலும் இரவுகளைக் கழித்திருக்கிறேன். கடைசி ஒன்பது வருடமாகப் படமும் எடுக்கிறேன். என் அலமாரியில் வானியல் புத்தகங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பனியில் நனைந்து ஓரம் சுருண்டுபோனவை நான்கே நான்கு. மற்றவை வீட்டுக்குள் படித்தவை, இவை நான்கும் இருட்டில் என்னோடு வந்தவை. ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ய எனக்குள்ள அளவுகோல் அந்தச் சுருண்ட ஓரம்தான். நான் எடுப்பவை பெரும்பாலும் நெபுலா (விண்ணில் மிதக்கும் வாயு, தூசி மேகம்), கேலக்ஸிப் படங்கள். கோள்களை வேகமாக வீடியோ எடுத்துக் கூர்மையாக்கும் வேலையில் எனக்குப் பழக்கம் குறைவு. அதனால் அந்தப் பகுதியைச் சுருக்கமாகவே தொடுகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது ‘டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்’. 1989இல் முதலில் வந்தது. எழுதியவர்கள் கை கான்சல்மேக்னோவும் டான் டேவிஸும். கான்சல்மேக்னோ கோள் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ஏசு சபைத் துறவி, பிற்காலத்தில் வாடிகன் வானாய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். இந்தப் புத்தகத்தின் அருமை அதன் படங்களில் இருக்கிறது. ஹப்பிள் எடுத்த வண்ணப் படத்தைப் போட்டு ஆசை காட்டாமல், சின்ன டெலஸ்கோப்பில் கண் வைத்தால் என்ன தெரியுமோ அதை மட்டும் பென்சில் கோட்டில் வரைந்து காட்டியிருக்கிறார்கள். ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் இருக்கும் எம்13 விண்மீன் கொத்து அதில் ஒரு மங்கலான பஞ்சு உருண்டை. நீங்கள் ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸில்) பார்க்கப்போவதும் அதுதான். இது தெரியாமல் இணையப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், கண்ணெதிரே எம்13 இருக்கும்போதே கிடைக்கவில்லையென்று டெலஸ்கோப்பை நகர்த்திவிடுகிறார்கள். என் மாணவர்களிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படிகளாக வழி சொல்கிறது இந்தப் புத்தகம். வெறுங்கண்ணுக்கு எங்கே பார்ப்பது, ஃபைண்டரில் (குழாயின் மேல் இருக்கும் குட்டித் தேடுகுழாயில்) எப்படித் தெரியும், ஐபீஸில் எப்படித் தெரியும். வழி கேட்டவருக்கு “ஆலமரம் தாண்டி இடது பக்கம் திரும்புங்க” என்று ஊர்க்காரர் சொல்வது மாதிரிதான். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 2011இல் வந்த நான்காம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முந்தைய பதிப்புகள் சின்ன லென்ஸ் டெலஸ்கோப்பை மனதில் வைத்தவை. நான்காம் பதிப்பிலிருந்துதான் டாப்சோனியனில் தெரியும் காட்சியையும் தனியாக வரைந்திருக்கிறார்கள். இந்த வித்தியாசம் சின்ன விஷயம் கிடையாது. உங்கள் டாப்சோனியனில் காட்சி தலைகீழாகத் தெரியும், அதாவது 180 டிகிரி சுற்றியிருக்கும். லென்ஸ் டெலஸ்கோப்பில் பின்னால் ஒரு சாய்வுக் கண்ணாடி இருப்பதால் அங்கே காட்சி நேராக இருந்தாலும் இடவலம் மாறியிருக்கும். தலைகீழ்க் காட்சிக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தால் போதும், எல்லாம் பொருந்திவிடும். இடவலம் மாறிய படத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்தாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வரைபடத்தோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாவது, ஒரு நல்ல விண் அட்லஸ். ரோஜர் சின்னட் தொகுத்து 2006இல் வந்த ‘பாக்கெட் ஸ்கை அட்லஸ்’ உங்கள் டெலஸ்கோப்புக்குப் போதும். 80 வரைபடங்கள், 7.6 ஒளியளவு (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) வரை முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள், சுமார் 1,500 கொத்துகளும் நெபுலாக்களும் கேலக்ஸிகளும். வெறுங்கண்ணுக்கு நல்ல இருட்டில் 6 வரைதான் எட்டும் என்பதால், ஃபைண்டரில் பளிச்சென்று தெரியும் விண்மீன்கள் இதில் இருக்கும். சுருள்கம்பி பைண்டிங், மடித்துப் போட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம். மொபைலில் ஸ்டெல்லேரியம் இலவசமாக இருக்கும்போது அட்லஸ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டெல்லேரியம் அருமையானது, நானும் மாலையில் திட்டம் போட அதைத்தான் திறப்பேன். ஆனால் இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரைமணி நேரம் ஆகும், மொபைல் திரையை ஒரு தடவை பார்த்தால் அது போய்விடும். சிவப்பு செல்லோஃபேன் ஒட்டிய டார்ச்சும் காகிதமும் அப்படிச் செய்யாது.

அட்லஸை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒன்று சொல்கிறேன், யாரும் எனக்கு முதலில் சொல்லித்தரவில்லை. மின்கம்பியிலிருந்து உரித்த மெல்லிய செப்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைண்டர் எத்தனை டிகிரி காட்டும் என்று பாருங்கள், பெரும்பாலும் 5 முதல் 7 டிகிரிக்குள் இருக்கும். வரைபடத்தின் ஓரத்தில் டிகிரி அளவு குறித்திருக்கும். அதை வைத்து அதே அகலத்துக்குக் கம்பியை வட்டமாக வளைத்து முறுக்குங்கள். இப்போது அந்த வளையத்தை வரைபடத்தின் மேல் வைத்தால் வளையத்துக்குள் தெரிவதும் ஃபைண்டருக்குள் தெரிவதும் ஒன்று. விண்மீனிலிருந்து விண்மீனுக்கு வளையத்தை நகர்த்திக்கொண்டே போங்கள், டெலஸ்கோப்பையும் கூடவே நகர்த்துங்கள். 25 மி.மீ. ஐபீஸில் உங்கள் 1200 மி.மீ. குழாய் சுமார் ஒரு டிகிரி காட்டும், அதற்கு இன்னொரு சின்ன வளையம். இந்த இரண்டு வளையங்களும் என் அட்லஸின் சுருள்கம்பியிலேயே தொங்குகின்றன.

இந்த இரண்டு புத்தகங்களையும் ஐரோப்பா, அமெரிக்கா பக்கம் இருப்பவர்களை முதலில் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். நாம் இருக்கும் இடத்துக்கு வானம் வேறு. இதை நன்றாகப் புரிந்துகொண்டால் எந்தப் புத்தகத்தையும் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். தென்காசி ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டம்) லண்டனில் உதிப்பதே இல்லை. 40 டிகிரி அட்சத்தில் இருக்கும் அமெரிக்க ஊர்களில் அடிவானத்திலிருந்து இரண்டரை டிகிரி எழும்பிவிட்டு மறைந்துவிடும். உங்களுக்கு அது 33 டிகிரி உயரம் வரை வரும். ஈட்டா கரினா நெபுலா 21 டிகிரி. அவர்கள் புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தில் “தெற்கே போனால் பாருங்கள்” என்று ஒதுக்கிய பொருள்களெல்லாம் நமக்கு முற்றத்தில் இருக்கின்றன. வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமே தெற்கு வானம் நன்றாக எட்டும் என்பதுதான். மறுபக்கம், அவர்கள் தலைக்கு மேல் பார்க்கும் எம்81, எம்82 கேலக்ஸிகள் நமக்கு வடக்கே 30 டிகிரி உயரத்தைத் தாண்டாது. எனவே ‘டர்ன் லெஃப்ட்’ புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தெற்கு வானத்தின் அத்தியாயத்தை முதலில் படியுங்கள்.

மாதங்களையும் நம் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகங்கள் கோடைக்கால வானம் என்று கொண்டாடும் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் உங்களுக்குச் சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு உண்மையான அறுவடைக் காலம். மேற்கே மலை இருப்பதால் சாயங்கால வானத்தில் தாழ்வாக இருப்பவை சீக்கிரம் மறைந்துவிடும், கிழக்கில் ஏறுவதைப் பிடிக்கத் திட்டமிடுங்கள். இன்னொரு யோசனை: அட்லஸின் ஓரத்தில் பென்சிலால் நம் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆல்டிபரான் ரோகிணி, பீட்டல்ஜூஸ் திருவாதிரை, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்டரஸ் சுவாதி, ஆன்டாரஸ் கேட்டை, பிளையடிஸ் கார்த்திகை. பாட்டியின் பேச்சிலும் காலண்டரிலும் கேட்ட பெயர் வானத்தில் ஓர் ஒளிப்புள்ளியாக நிற்பதைப் பார்த்தபின் அது மறக்காது. என் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் ஒரே பருவத்தில் வானத்தைப் படித்துக்கொண்டார்கள்.

பலரும் முதலில் சொல்லும் ‘நைட்வாட்ச்’ பற்றி. கனடாக்காரரான டெரன்ஸ் டிக்கின்சன் எழுதி 1983இல் வந்த அழகான புத்தகம், எளிமையாக எழுதுவதில் அவருக்கு இணை சொல்வது கடினம். ஆனால் அதன் பருவகால வான வரைபடங்கள் வட அமெரிக்க அட்சங்களுக்கு வரைந்தவை. டெலஸ்கோப் இன்னும் வாங்காத ஒருவருக்கு நான் அதைத் தருவேன். உங்களிடம் டெலஸ்கோப் வந்துவிட்டது, அதனால் நூலகத்திலோ நண்பரிடமோ கிடைத்தால் படியுங்கள். அவரும் ஆலன் டையரும் சேர்ந்து எழுதிய ‘தி பேக்யார்டு அஸ்ட்ரானமர்ஸ் கைடு’ இன்னும் பெரியது, கருவிகளைப் பற்றி நேர்மையாகப் பேசுவது. அடுத்த ஐபீஸ், அடுத்த மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கும் பீடம்) என்று பணம் செலவழிக்கும் யோசனை வரும்போது, அதற்கு முன் வாங்க வேண்டியது அது. 2021இல் வந்த நான்காம் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், கருவிகளைப் பேசும் புத்தகம் பழசானால் பயன் பாதியாகிவிடும்.

நிலாவுக்கு அன்டோனின் ரூக்கலின் ‘அட்லஸ் ஆஃப் தி மூன்’ மாதிரி ஒன்று இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. பிராக் கோளரங்கத்தை நடத்தியவர் அவர். நிலாவின் இந்தப் பக்கத்தை 76 வரைபடங்களாகப் பிரித்துக் கையாலேயே வரைந்தார். புகைப்படத்தில் சூரிய ஒளி ஒரே கோணத்தில்தான் இருக்கும், அந்த நிழலில் மூழ்கியது தெரியாது. வரைபவருக்கு எல்லாக் குழிகளையும் ஒரே தெளிவில் காட்ட முடியும். இப்போது அச்சில் இல்லை, பழைய பிரதிக்குப் பெரிய விலை கேட்கிறார்கள். அந்த விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ‘விர்ச்சுவல் மூன் அட்லஸ்’ என்ற இலவச மென்பொருளே நிறைய நாளுக்குப் போதும்.

அடுத்துச் சொல்லப்போவது, எனக்கு மிகப் பிரியமானதும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியதுமான ‘பர்ன்ஹாம்ஸ் செலஸ்டியல் ஹேண்ட்புக்’. மூன்று தடித்த தொகுதிகள், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல், விண்மீன் குழுக்களின் அகரவரிசையில் அமைந்தது. ராபர்ட் பர்ன்ஹாம் ஜூனியர் லோவெல் வானாய்வகத்தில் 1958இல் வேலைக்குச் சேர்ந்தார். புளூட்டோவைக் கண்டுபிடித்த அதே 13 அங்குல டெலஸ்கோப்பில் விண்மீன்களின் நகர்வை அளப்பது வேலை. ஒழிந்த நேரமெல்லாம் இந்தப் புத்தகத்துக்காகக் குறிப்பு சேர்த்தார். ஒரு விண்மீனின் நிறமாலையைச் சொல்லிக்கொண்டிருப்பவர் அடுத்த பத்தியில் பழைய நாணயத்துக்கும் கவிதைக்கும் போய்விடுவார். இரட்டை விண்மீன் அட்டவணையையும் ஒரு மனிதனின் வியப்பையும் ஒரே அட்டைக்குள் வைத்த வேறொரு புத்தகத்தை நான் படித்ததில்லை. 1979இல் அந்த ஆய்வு முடிந்ததும் அவருக்கு வேலை போயிற்று. கடைசியில் சான் டியேகோவில் ஒரு பூங்காவில் தான் வரைந்த பூனை ஓவியங்களை விற்றுக்கொண்டிருந்தார். 1993இல் வறுமையில் இறந்தார். அவர் யாரென்று அங்கே வந்துபோனவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இதை நினைக்காமல் என்னால் அந்தத் தொகுதிகளைத் திறக்க முடிவதில்லை.

பர்ன்ஹாமில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் பொருள் எப்படித் தெரியும் என்ற வர்ணனையும் வரலாறும் இன்றும் செல்லும். இருப்பிட எண்கள் 1950ஆம் ஆண்டுக்கானவை. பூமியின் அச்சு மெல்லச் சுற்றுவதால் வான ஆயங்கள் வருடத்துக்குச் சுமார் 50 விகலை (3,600 விகலை ஒரு டிகிரி) நகர்கின்றன. 75 வருடத்தில் அது ஒரு டிகிரிக்கு மேல் வந்துவிடுகிறது, முழுநிலா இரண்டின் அகலம். அந்த எண்ணை வைத்துத் தேடினால் உங்கள் ஐபீஸின் காட்சிக்கு வெளியே போய்விடும். தூரங்களைச் சுத்தமாக மறந்துவிடுங்கள், ஹிப்பார்கோஸ், கயா விண்கலங்களின் அளவீடுகளுக்கு முந்தையவை அவை. எல்லாப் பழைய புத்தகங்களுக்கும் இது பொருந்தும். பொன்னிறமும் நீலமுமாகத் தெரியும் அல்பிரியோவை ஒன்றையொன்று சுற்றும் ஜோடி என்று உறுதியாக எழுதிய புத்தகங்கள் உண்டு. கயா அளவீடுகளுக்குப் பிறகு, அவை ஒரே திசையில் தற்செயலாகத் தெரியும் இரண்டு தனி விண்மீன்களாக இருக்கவும் வாய்ப்புண்டு என்று விவாதம் நடக்கிறது. அழகில் அதனால் ஒன்றும் குறையவில்லை, இரண்டையும் 48 மடங்கிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

இனி புகைப்படம். டாப்சோனியனில் கேமராவை மாட்டி நெபுலா எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வானத்தைப் பின்தொடர்ந்து சுற்றாது. பல டாப்சோனியன்களில் டி.எஸ்.எல்.ஆர். சென்சாருக்கு ஃபோகஸே எட்டாது, குழாய் ஒன்றிரண்டு அங்குலம் குட்டையாக இருந்திருக்க வேண்டும். மொபைலை ஐபீஸில் பிடித்து நிலாவை எடுக்கலாம், அது நன்றாகவே வரும். உங்கள் 600டியைத் தனியாக டிரைபாடில் வைத்துத் தொடங்குங்கள். தொடங்கும்போது பழைய புத்தகங்களில் உள்ள “500 விதி”யை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லென்ஸின் குவியத்தூரத்தால் 500ஐ வகுத்தால் வரும் விநாடிவரை விண்மீன் கோடாகாது என்பது அந்த விதி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600டியின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 206.265ஐ (விகலையாக மாற்றித்தரும் எண் இது) அதனால் பெருக்கி, 50 மி.மீ. லென்ஸ் என்றால் 50ஆல் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் ஏறத்தாழ 18 விகலை. வான நடுக்கோட்டில் இருக்கும் விண்மீன் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. அதாவது ஒன்றேகால் விநாடிக்குள் ஒரு பிக்சலைத் தாண்டிவிடும். விதிப்படி, சென்சாரின் அளவையும் கணக்கில் சேர்த்தால், 6 விநாடி வருகிறது. அதற்குள் விண்மீன் ஐந்து பிக்சல் இழுபட்டிருக்கும். ஃபிலிமில் சின்னதாக அச்சிட்ட காலத்துக்கு அது பரவாயில்லை. 2 அல்லது 3 விநாடியில் நூறு படம் எடுத்து மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் இன்றைக்குச் சரி.

இந்தக் கணக்கு ஏன் என்று புரியவைக்கும் புத்தகம்தான் உங்களுக்கு வேண்டும், அது சார்லஸ் பிராக்கனின் ‘தி டீப்-ஸ்கை இமேஜிங் பிரைமர்’. சிக்னல் என்றால் என்ன, நாய்ஸ் (படத்தில் கலக்கும் புள்ளிமூட்டம்) எங்கிருந்து வருகிறது, நூறு படத்தை அடுக்கினால் தெளிவு ஏன் நூறு மடங்கு கூடாமல் பத்து மடங்கு மட்டும் கூடுகிறது, டார்க், ஃபிளாட், பயஸ் என்ற மூன்று திருத்தப் படங்களும் எதை எதைச் சரிசெய்கின்றன என்று பொறுமையாகச் சொல்லித்தருகிறது. இதில் ஃபிளாட்டை மட்டும் நான் ஆரம்பத்தில் அலட்சியம் செய்தேன். மூன்று இரவு உழைத்து எடுத்த ஓரியன் நெபுலாப் படத்தைத் திரையில் இழுத்துப் பிரகாசமாக்கியபோது, நெபுலாவின் இறக்கைக்குப் பக்கத்தில் வளையல் மாதிரி ஒரு சாம்பல் வட்டம். சென்சாருக்கு முன்னால் ஒட்டியிருந்த ஒரே ஒரு தூசியின் நிழல் அது. காலையில் லென்ஸ் முனையில் வெள்ளை வேட்டித் துணியை ரப்பர்பேண்டு போட்டு இறுக்கி, ஃபோகஸைத் தொடாமல் விடியல் வானத்தை நோக்கி இருபது படம் எடுத்திருந்தால் போதும், மென்பொருள் அந்த வட்டத்தை வகுத்தே எடுத்துவிட்டிருக்கும். ஃபிளாட் பற்றிய பக்கங்களை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன்.

இரண்டாவதாக தியரி லெகோவின் ‘அஸ்ட்ரோஃபோட்டோகிராஃபி’. பிரெஞ்சிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் 2014. 2009இல் ஹப்பிளைப் பழுதுபார்க்கப் போன அட்லாண்டிஸ் விண்ணோடம் சூரியனைக் கடப்பதைப் படமெடுத்தவர் அவர். டிரைபாடில் தொடங்கி நிலா, கோள்கள், சூரியன், நெபுலா என்று எல்லாவற்றையும் தொடுகிறது. நான் பலவீனமாக இருக்கும் கோள் புகைப்படப் பகுதிக்கு நான் திறப்பது அதைத்தான். சூரியனைப் பற்றி மட்டும் அங்கே போகுமுன் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: குழாயின் முன்முனையை முழுக்க மூடும் சூரிய ஃபில்டர் இல்லாமல் டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஐபீஸில் திருகும் சின்ன ஃபில்டர் சூட்டில் வெடிக்கும், கண் போய்விடும்.

புகைப்படப் புத்தகங்களில் எது நிலைக்கும், எது காலாவதியாகும் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஒளி, பிக்சல், நாய்ஸ், ஃபோகஸ், மவுண்ட் இவை பற்றிய அத்தியாயங்கள் நிலைக்கும். எந்தக் கேமரா, எந்த மென்பொருள், எந்தப் பட்டனை அழுத்துவது என்ற அத்தியாயங்கள் ஐந்து வருடம் தாங்காது. சோனி சி.சி.டி. என்ற பழைய வகைக் கேமரா சென்சார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2015இல் அறிவித்தது. அதற்குமுன் வந்த தடித்த சி.சி.டி. புத்தகம் ஒன்றை நான் நிறையப் பணம் கொடுத்து வாங்கியிருந்தேன். மூன்றில் ஒரு பங்குகூட இன்று உதவாது. 2022 இறுதியில் பிளர்எக்ஸ்டெர்மினேட்டர் என்ற கூர்மையாக்கும் மென்பொருள் வந்தபின், கூர்மையாக்குவது பற்றிப் புத்தகங்களில் இருந்த நீண்ட படிமுறைகள் பலவற்றை ஆட்களே கைவிட்டுவிட்டார்கள். வாரன் கெல்லரின் ‘இன்சைடு பிக்ஸ்இன்சைட்’ நல்ல புத்தகம்தான், ஆனால் பிக்ஸ்இன்சைட் என்ற கட்டண மென்பொருளை வாங்கியவருக்கு மட்டும். நீங்கள் படம் அடுக்கும் மென்பொருள்களான சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கரில் தொடங்குங்கள், இரண்டும் இலவசம். அவற்றின் கையேடுகளும் இலவசமே. மென்பொருளுக்காகப் புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பின்னால் ஒருநாள் வானத்தோடு கூடவே சுற்றும் ஈக்விடோரியல் மவுண்ட் வாங்குவீர்கள். எல்லாப் புத்தகமும் துருவ நட்சத்திரத்தை மவுண்டின் குட்டிக் குழாயில் பிடித்து நேர்செய்யச் சொல்லும். உங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் 9 டிகிரி உயரத்தில், தென்னந்தோப்புக்குப் பின்னால், புழுதிமூட்டத்தில் இருக்கும். பல மவுண்ட்களில் இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கம்பி டிரைபாடின் காலில் இடிக்கும். வாங்குமுன் எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேர்செய்வதற்கு, விண்மீன் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துத் திருத்தும் டிரிஃப்ட் முறையைப் படித்து வையுங்கள். அல்லது நைனா மென்பொருளில் துருவமே தெரியாமல் மூன்று புள்ளிகளை வைத்துச் செய்யும் வசதி இருக்கிறது, நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கருவி எதையும் சொல்லித்தராத ஒரு புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்துக்கு. லெஸ்லி பெல்டியரின் ‘ஸ்டார்லைட் நைட்ஸ்’, 1965. ஒஹையோ மாநிலத்து விவசாயி வீட்டுப் பையன். குவார்ட்டுக்கு (ஏறத்தாழ ஒரு லிட்டர்) 2 சென்ட் கூலிக்கு 900 குவார்ட் ஸ்ட்ராபெர்ரி பறித்து, சேர்த்த 18 டாலரில் 2 அங்குல டெலஸ்கோப் வாங்கினார். பிறகு 12 வால்மீன்களைக் கண்டுபிடித்தார். மாறொளி விண்மீன்களை 1918இலிருந்து 1980இல் இறக்கும்வரை அளந்து அனுப்பிக்கொண்டே இருந்தார், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். உங்கள் 6 அங்குலம் அவருடைய முதல் டெலஸ்கோப்பைவிட ஒன்பது மடங்கு ஒளி சேர்க்கும்.

ஆக இப்போது வாங்க வேண்டியவை ‘டர்ன் லெஃப்ட்’டும் ‘பாக்கெட் அட்லஸ்’ஸும். படம் எடுக்கும் ஆசை மூன்று மாதத்துக்குப் பிறகும் நிற்கிறதென்றால் பிராக்கன். புத்தகம் வந்து சேரும்வரை ஒரு வேலை தருகிறேன், நம் ஊர் அட்சத்தில் இருப்பவருக்கு மட்டும் இவ்வளவு சுலபமாக அமைவது. ஏப்ரல் இறுதியில், நிலா இல்லாத இரவில், 11 மணி வாக்கில் சித்திரை நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள். தெற்குப் பார்த்து நின்று அண்ணாந்தால் தலைக்குச் சற்று முன்னால் வெண்ணீலமாகத் தனியே நிற்கும். அங்கிருந்து நேராகத் தெற்கே இறங்குங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறத்தாழ 10 டிகிரி, மூன்றரை முஷ்டி இறங்க வேண்டும். இருட்டு நன்றாக இருந்தால் அங்கே வெறுங்கண்ணுக்கே ஒரு புகைப்புள்ளி தெரியும். ஃபைண்டரில் அதை நடுவில் கொண்டுவந்து 25 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள். முதலில் ஓர் ஒளிமூட்டம், கண் பழகப்பழக அது கரும்பலகையில் ரவையைக் கொட்டிப் பரப்பியது மாதிரி மணி மணியாகப் பிரியும். அதுதான் ஒமேகா சென்டாரி. வந்த வழியிலேயே நாலரை டிகிரி, அதாவது அரை முஷ்டிக்குச் சற்றுக் குறைவாக வடக்கே திரும்பி ஏறினால் இன்னொரு மங்கலான வெளிச்சம் இருக்கும். சென்டாரஸ் ஏ கேலக்ஸி. அதன் நடுவே குறுக்காக ஓடும் கறுப்புப் பட்டை உங்களுக்குத் தெரிந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.